பிரிண்டர் மலிவு, மை யானை விலை

சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் இறம்பொடைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பேச்சு கிளம்பிவிடும்: "பிள்ளைக்கு ஒரு பிரிண்டர் வாங்கிக் குடுங்க. இருக்கிறதுலயே குறைஞ்ச விலைக்கு ஒன்னு போதும்." டியூஷன் சேர் சொல்வார், கடைக்காரர் சொல்வார், கொழும்பில் வேலை செய்யும் மாமா போனில் சொல்வார். எல்லாரும் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அது தப்பான யோசனை என்கிறோம். காசு குறைவாக உள்ள வீட்டுக்கு அதிகம் செலவு வைப்பதே அந்தக் குறைந்த விலை இன்க்ஜெட்தான்.

அதன் நல்லதையும் மறைக்கத் தேவையில்லை. ஸ்கேன், கொப்பி, பிரிண்ட் மூன்றும் ஒரே பெட்டியில். அடையாள அட்டைக்கு ஒரு பிரதி எடுக்க மழையில் டவுனுக்கு இறங்க வேண்டாம். லேசர் பிரிண்டர் சூடேறும்போது நூற்றுக்கணக்கான வாட் இழுக்கும். இதுக்கு ஒரு பல்புக்கான கரண்ட் போதும், லயத்துப் பழைய வயரிங் தாங்கும். பாமினி எழுத்தில் அடித்த அசைன்மென்ட், கொமினிகேஷன் கடைக் கணினியில் பூச்சி பூச்சியாகத் திறக்கிற கொடுமையும் இல்லை. (பீடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்க என்று எத்தனை தடவை சொல்வது!)

இனி மைக் கணக்கு. குறைந்த விலை மெஷின்களில் போடும் எச்.பி. 682 கறுப்பு கார்ட்ரிஜ் சுமார் 480 பக்கம் அடிக்கும், கலர் கார்ட்ரிஜ் 150 பக்கம் என்று நிறுவனமே சொல்கிறது. டாங்க் பிரிண்டருக்கு ஊற்றுகிற எப்சன் 003 கறுப்பு மை, 65 மில்லிலீட்டர் போத்தல், 4,500 பக்கம். கடையில் இரண்டின் விலையையும் கேட்டு, பக்கத்தால் பிரித்துப் பாருங்க. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று முடிவானது. கொழுந்து குறைந்து அரைப்பேர் விழுந்தால் அதிலும் பாதி. அந்தக் காசோடு இந்தக் கணக்கை வைத்துப் பார்க்கணும்.

அந்த 480கூட எங்கள் வீடுகளில் வராது. விடாமல் தொடர்ந்து அடித்துப் பார்த்துச் சொல்கிற எண்ணிக்கை அது. தோட்டத்து வீட்டில் பரீட்சைக்கு முந்தின மாதம் நாற்பது பக்கம் அடிப்போம், அப்புறம் இரண்டு மாதம் துணி போர்த்தி வைப்போம். மை முனையில் காய்ந்துவிடும். அடுத்த தடவை "கிளீனிங்" கொடுத்தால், அடைப்பைத் திறக்க மெஷின் மையையே உறிஞ்சி உள்ளே இருக்கிற பஞ்சில் கொட்டும். ஒரு பக்கம்கூட அடிக்காமலே மை குறையும். நடுவில் கரண்ட் போனால் ஹெட் மூடாமல் நின்று இன்னும் காயும். கலர் கார்ட்ரிஜில் மூன்று நிறமும் ஒரே டப்பா, மஞ்சள் தீர்ந்தால் நீலமும் சிவப்பும் சேர்ந்து குப்பைக்கு. இறம்பொடை மூட்டத்தில் தாள் ஈரம் குடித்து இரண்டிரண்டாக இழுபடுவதைத் தனியாகச் சொல்லவா வேண்டும்.

மெஷினை மலிவாகக் கொடுத்து மையில் பிடிப்பது உலகம் முழுக்க நடக்கிற வியாபாரம். தீர்ந்த கார்ட்ரிஜை நிரப்பி விற்பவர்களைத் தடுக்கப் பார்த்த லெக்ஸ்மார்க், 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. எச்.பி. 2016இல் மென்பொருள் வழியாகவே பிறர் கார்ட்ரிஜ்களை மறுக்க வைத்துத் திட்டு வாங்கியது. இந்தோனேசியாவில் ஆட்கள் பிரிண்டர் பக்கத்தில் மைத் தொட்டியை ஒட்டி டியூப் விட்டார்கள். 2010இல் எப்சன் தன் டாங்க் பிரிண்டரை முதலில் அங்கேதான் இறக்கியது. வாங்குகிறவன் மசியாதபோது கம்பனி இறங்கி வந்திருக்கிறது.

அப்ப டாங்க் பிரிண்டரே வாங்கிடலாமா? தனியாக என்றால் அதுவும் சிக்கல்தான். விலை கூட, சும்மா கிடந்தால் அதுவும் காயும். கார்ட்ரிஜ் மெஷினில் கார்ட்ரிஜை மாற்றினால் பல மொடல்களில் புது ஹெட்டும் வந்துவிடும். டாங்கில் ஹெட் போனால் ரிப்பேர் செலவு பெரிது. தினமும் நாலு பக்கமாவது ஓடுகிற இடத்தில்தான் அது லாபம். அதனால் ஒரு லயத்துக்கு ஒன்று, இல்லாவிட்டால் வாசிகசாலையில் ஒன்று என்கிறோம். எட்டு வீட்டுப் பிள்ளைகள் அடித்தால் மை காய நேரமே இராது.

இதில் பாடசாலைக்கும் பங்கு உண்டு. 2022 மார்ச்சில் தாளும் மையும் இறக்க டொலர் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டது. அரசுக்கே முடியாமல் போன செலவு, இப்போது வட்ஸ்அப்பில் பீடிஎஃபாக வந்து "பிரிண்ட் எடுத்துட்டு வாங்க" என்று பெற்றோர் தலையில் இறங்குகிறது. இலவசக் கல்வி என்றால் வினாத்தாளும் அதில் சேர்த்திதான். அனுப்புகிற ஆசிரியர்களிடம் பெற்றோர் கூட்டத்தில் நேராகவே கேட்போம்: இருபது பக்க பாஸ்ட் பேப்பரை வீட்டுக்கு வீடு அடிக்கச் சொல்வதற்குப் பதில், பாடசாலை ரோனியோவில் ஒரே தடவையில் அடிக்க என்ன தடை? தாள் காசு என்றால் சொல்லுங்க, சேர்ந்து போடுகிறோம்.