அக்டோபர் 18: யாருக்கு சல்யூட்? யாருக்கு நீதி?



இன்று அக்டோபர் 18. காலையிலிருந்து உங்கள் போனில் ரெண்டு வகைப் பதிவுகள் வந்துகொண்டிருக்கும். ஒன்று, வீரப்பனைச் சுட்டுக் கொன்ற அதிரடிப்படைக்கு சல்யூட் அடிக்கும். இன்னொன்று, அதே வீரப்பன் படத்துக்கு மாலை போடும். ரெண்டு தரப்பும் கமென்டில் கட்டிப் புரளுகிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் ரெண்டு பேரும் ஒற்றுமை. நடுவில் மாட்டிச் சீரழிந்த மலையோரத்து ஊர்ச்சனங்களைப் பற்றி ஒரு வரி பேசமாட்டார்கள்.

நாம் பேசுவோம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீரப்பன் நமக்கு நாயகன் இல்லை. சரணடைவதாக நம்பவைத்து வனத்துறை அதிகாரி ஸ்ரீனிவாஸை 1991-இல் கொன்றவன் அவன். 1993 ஏப்ரலில் பாலாறு அருகே வைத்த கண்ணிவெடியில் 22 பேர் செத்தார்கள். போலீஸ்காரர்கள், வனக்காவலர்கள், தகவல் சொல்லப்போன ஊர்க்காரர்கள். எல்லாமே ஏழை வீட்டுப் பிள்ளைகள். அந்த ரத்தத்துக்கு சாதிப் பெருமை பூசி மீசை முறுக்குகிறவர்களோடு நமக்கு எந்த ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இப்போது மறுபக்கம் வருவோம்.

2004 அக்டோபர் 18 இரவு, தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி பக்கம், ஆம்புலன்ஸ் ஒன்றில் வந்த வீரப்பனும் கூட்டாளிகள் மூன்று பேரும் சுடப்பட்டார்கள். சரணடையச் சொன்னோம், அவர்கள் சுட்டார்கள், நாங்கள் திருப்பிச் சுட்டோம் என்றது அதிரடிப்படை. ஆனால் அந்த வண்டியே படை ஏற்பாடு செய்த வண்டி. ஓட்டியவரும் படையின் ஆள். இவ்வளவு கச்சிதமாகத் திட்டம் போட்டவர்களால் ஒருத்தனைக்கூட உயிரோடு பிடிக்க முடியவில்லையா? பிடித்திருந்தால் சந்தனக்கட்டையும் தந்தமும் யார் குடோனுக்குப் போனது, யார் பங்கு வாங்கியது என்றெல்லாம் கோர்ட்டில் கேட்டிருப்பார்கள். வெட்டியவன் செத்தான். வாங்கியவன் யார்? இத்தனை வருஷமாக இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

பதில் வரவில்லை, பரிசு வந்தது. அதிரடிப்படையில் 750-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஆளுக்கு 3 லட்சம் ரூபாய், வீட்டுமனை, ஒரு படி பதவி உயர்வு என்று அறிவித்தார் அன்றைய முதல்வர் ஜெயலலிதா. ரொக்கம் மட்டுமே 20 கோடியைத் தாண்டும்.

இப்போது இன்னொரு கணக்கைப் பாருங்கள். இரு மாநில அதிரடிப்படைகள் மீதும் குவிந்த புகார்களை விசாரிக்க தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு போட்டது. மாதேஸ்வரன் மலையில் படைக்காரர்கள் ‘ஒர்க்‌ஷாப்’ என்று பேர் வைத்திருந்த இடத்தைப் பற்றி மக்கள் வந்து சொன்னார்கள். தலைகீழாகத் தொங்கவிட்டது, கரண்ட் ஷாக் கொடுத்தது, பெண்களைச் சீரழித்தது. பல மோதல் சாவுகள் உண்மையான மோதல்தானா என்று குழுவே சந்தேகப்பட்டது. தடா சட்டத்தில் பிடித்து மைசூர் சிறையில் அடைத்தவர்களில் நூறு பேருக்கு மேல், வருஷக்கணக்கில் உள்ளே கிடந்த பிறகு 2001-இல் குற்றமற்றவர்கள் என்று வெளியே வந்தார்கள்.

2007-இல் ஆணையம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 89 பேருக்கு, மொத்தமே 2 கோடியே 80 லட்சம். சுட்டவர்களுக்கு 20 கோடிக்கு மேல், சிதைக்கப்பட்டவர்களுக்கு மூணு கோடிகூட இல்லை! பரிசு ஒரே அறிவிப்பில் வந்தது. இழப்பீட்டுக்கு எட்டு வருஷம். அதிலும் எத்தனையோ பேருக்குப் பத்துப் பைசா வரவில்லை. அந்த அறிக்கையை வைத்து எந்த உயர் அதிகாரி ஜெயிலுக்குப் போனார்? சொல்லுங்கள் பார்ப்போம்.

சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்று 1992 ஜூனில் வாச்சாத்திக்குள் புகுந்தது வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைக் கூட்டம். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். செங்கொடி இயக்கமும் மலைவாழ் மக்கள் சங்கமும் 19 வருஷம் விடாமல் நின்ற பிறகுதான் 2011-இல் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 2023-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நின்றால் நீதி கிடைக்கும் என்பதற்கு வாச்சாத்தி சாட்சி.

“தீவிரவாதிக்கு வக்காலத்து வாங்குறீங்களா?” என்று ஒரு கோஷ்டி கிளம்பும். அவர்களுக்கு ஒரு கதை. 1988-இல் ஜிப்ரால்டரில் ஐ.ஆர்.ஏ. ஆட்கள் மூன்று பேரை பிரிட்டனின் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. குண்டு வைக்கத் திட்டம் போட்டுத்தான் வந்தார்கள், அதில் கோர்ட்டுக்குச் சந்தேகம் இல்லை. சுட்டபோது அவர்கள் கையில் ஆயுதம் இல்லை. 1995-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அந்த நடவடிக்கையைத் திட்டமிட்டு நடத்திய விதத்தில் அவர்களின் உயிர் வாழும் உரிமையை பிரிட்டன் மீறிவிட்டது என்று தீர்ப்புச் சொன்னது. அந்த நீதிபதிகள் என்ன ஐ.ஆர்.ஏ. ஆட்களா?

நம் உச்ச நீதிமன்றமே 2014-இல் சொல்லியிருக்கிறது. என்கவுன்ட்டர் சாவு என்றால் எஃப்.ஐ.ஆர். போடணும். சுட்ட ஸ்டேஷனே விசாரிக்கக் கூடாது. மாஜிஸ்திரேட் விசாரணை நடக்கணும். சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வும் வீரப் பதக்கமும் கூடாது. 2004-இல் நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள்.

எங்கோ மலையில் நடந்தது, நம்ம வண்டியூருக்கு என்ன என்று கேட்கிறீர்களா?

வைகைக் கரையோடு கிழக்கே போனால் திருப்புவனம், அடுத்து மடப்புரம். கோயில் காவலாளி ஒருத்தரை நகை காணோம் என்ற புகாரில் 2025 ஜூனில் போலீஸ் தனிப்படை தூக்கிப்போய் அடித்தே கொன்றது. உடம்பில் நாற்பதுக்கு மேல் காயம். காட்டில் அதிரடிப்படை செய்ததைக் கைதட்டிப் பார்த்தோம். அதே பழக்கம் தனிப்படை என்ற பேரில் நம்ம ஊர்ப் பக்கம் வந்து நின்றது. ரவுடியைச் சுட்டால் வெடி போட்டு லட்டு கொடுக்கிறவர்களே, யார் ரவுடி, யார் காவலாளி என்று முடிவு செய்யும் வேலையை லத்திக்கும் துப்பாக்கிக்கும் கொடுத்தது யார்?

மதுரைக்காரர்களுக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு சிலம்பு காணோம் என்று, பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு, விசாரிக்காமல் கோவலனை வெட்டிய ஊர் இது. கண்ணகி கேட்டது கருணையை இல்லை, நீதியை.

நாமும் அதையே கேட்கிறோம்.

✊ சதாசிவா குழு முன் வந்தும் விடுபட்டுப்போன அத்தனை பேருக்கும் இழப்பீடு கொடு!

✊ சித்திரவதை செய்த அதிகாரிகள் மீது வழக்குப் போடு!

✊ ஒவ்வொரு என்கவுன்ட்டருக்கும் உச்ச நீதிமன்ற விதிகளை அமல்படுத்து!

✊ கணக்கில் வராத தனிப்படைகளுக்கு முடிவு கட்டு!

தோழர்களே, இன்று யாராவது சல்யூட் பதிவு போட்டால் சண்டைக்குப் போகாதீர்கள். 20 கோடி, 3 கோடி கணக்கை மட்டும் கமென்டில் போடுங்கள். பதில் வருகிறதா பார்ப்போம்.

#யாருக்கு_நீதி