மிக்-21 சவப்பெட்டி இல்லை



2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடை கொடுத்தார்கள். விமானப்படைத் தளபதி ஏ.பி.சிங்கே ஒன்றை ஓட்டினார். 1963-ல் சேர்ந்த விமானம், 62 வருஷ சர்வீஸ். அரசாங்க உத்தியோகத்தில் யாருக்கும் இவ்வளவு எக்ஸ்டென்ஷன் கிடையாது!

நம் குடும்பக் குரூப்பிலும் பழைய மாணவர் குரூப்பிலும் காலையிலிருந்து ஒரே பாட்டு: "பறக்கும் சவப்பெட்டி ஒழிந்தது." கூடவே கைதட்டும் பொம்மைகள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. செத்தவர்கள் பழியை இரும்பின் தலையில் கட்டிவிட்டுக் கைகழுவுகிற பேச்சு இது.

2012-ல் பாதுகாப்பு அமைச்சர் அந்தோணி நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு இருக்கிறது. வாங்கிய எல்லா ரக மிக் விமானங்களும் சேர்த்து 872. விபத்துகள் 482. இறந்த விமானிகள் 171. தரையில் இருந்த பொதுமக்கள் 39 பேர். காரணம், மனிதத் தவறும் இயந்திரக் கோளாறுமாம்.

இந்த 'மனிதத் தவறு' யாருடையது?

மிக்-21, உயரத்தில் அதிவேகமாகப் பாய்ந்து எதிரி விமானத்தைத் தடுக்கச் செய்தது. மெல்லிய முக்கோண இறக்கை. வேகம் குறைந்தால் இறக்கை தூக்காது என்று பத்தாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? அதனால் தரையிறங்கும்போதே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வரவேண்டும். நம் பையன்கள் பழகியதோ கிரண் என்ற சாதுவான பயிற்சி விமானத்தில். மொபெட் ஓட்டிப் பழகியவனிடம் ஆம்னி பஸ்ஸைக் கொடுத்துக் கொல்லிமலை ஏறச் சொல்வது போல, அதிலிருந்து இறக்கி மிக்-21-ல் உட்கார வைத்தார்கள். தேஜ்பூரில் பயிற்சியே இதில்தான்.

இடையில் ஒரு படி வேண்டும், உயர்நிலைப் பயிற்சி ஜெட் வாங்குங்கள் என்று லா ஃபான்டேன் கமிட்டி சொன்னது 1982-ல். ஹாக் விமானத்துக்கு ஒப்பந்தம் போட்டது 2004-ல். பிதாரில் படையில் சேர்த்தது 2008-ல். இருபத்தாறு வருஷம்! இதற்குள் எத்தனை பிரதமர்கள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். எந்தக் கட்சியும் தப்ப முடியாது, எனவே கமெண்டில் கட்சிச் சண்டை வேண்டாம். உதிரிபாகக் கோளாறும் உண்டு, எஞ்சின் ஒன்றே ஒன்றுதான் என்பதும் உண்மை. ஆனால் இருபது வயதுப் பையனை நடுப்படி இல்லாமல் ஏற விட்டது விமானம் இல்லை. டெல்லியில் தூங்கிய கோப்புதான்.

"அதெல்லாம் பழைய கதை சார்" என்று ஒருவன் எழுதுவான், தெரியும். இன்றைய கதையைக் கேளுங்கள். மிக்-21-க்கு மாற்றாக வரவேண்டிய தேஜஸ் திட்டம் தொடங்கியது 1983-ல். முதலில் பறந்தது 2001-ல். கோவைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சூலூர் தளம் தெரியும், தேஜஸ் ஸ்குவாட்ரன்கள் இயங்கிய தளம் அது. நல்ல விமானம், எனக்கும் பெருமைதான். 2021-ல் இன்னும் 83 மார்க்-1ஏ விமானங்களுக்குச் சுமார் 48,000 கோடிக்கு ஒப்பந்தம். 2024 மார்ச்சுக்குள் வரத் தொடங்கியிருக்க வேண்டும். 2025 செப்டம்பர் வரை படைக்கு ஒன்றுகூட வரவில்லை. எஞ்சின் அமெரிக்காவிலிருந்து தாமதமாம். சொந்தமாகச் செய்யப் புறப்பட்ட காவேரி எஞ்சினை 2008-லேயே இந்தத் திட்டத்திலிருந்து கழற்றிவிட்டாயிற்று. சொன்ன தேதியில் முடிந்த திட்டம் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை என்று 2025 மே மாதம் தளபதியே மேடையில் சொன்னார். 2025 செப்டம்பர் 25 அன்று இன்னொரு 97-க்கு 62,370 கோடியில் கையெழுத்து. அவை வரத்தொடங்குவது 2027-28-லாம்.

அனுமதிக்கப்பட்டவை 42 ஸ்குவாட்ரன்கள். மிக்-21 விடைபெற்றதோடு, 2025 செப்டம்பரில் மிஞ்சியது 29. குறைந்த விமானத்தை வைத்துக்கொண்டு கூடுதல் முறை பறக்கப்போவது யார்? மறுபடியும் அந்த இருபது வயதுப் பையன்கள்தானே?

அடுத்து உங்கள் எம்.பி. ஓட்டுக் கேட்டு வரும்போது, கோயில் மண்டபத்துக்கு நிதி கேட்பதோடு இதையும் கேளுங்கள்: 83-ல் எத்தனை வந்தது? அதுவரை அந்தச் சவப்பெட்டி ஃபார்வர்டை எனக்கு அனுப்பாதீர்கள்.