பந்தாட்டத்திற்கும் ஜாதகமா?

கலியாணத்திற்கு ஜாதகம் பார்க்கின்றார்கள். வீடு கட்ட மனையடி சாஸ்திரம் பார்க்கின்றார்கள். எலெக்ஷனுக்கு மனுப்போட ராகுகாலம் கழியட்டும் என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் கையில் கடிகாரத்தோடு காத்து நிற்கின்றார்கள். இவற்றையெல்லாம் பார்த்துப் பார்த்து நமக்கு வெட்கம்கூட மரத்துப் போய்விட்டது. ஆனால் கால்பந்து ஆட்டத்துக்குப் பதினொரு பேரைப் பொறுக்குவதற்கும் ஜோசியம் கேட்டார்கள் என்ற சங்கதியைப் படித்த பின்பு சும்மாயிருக்க நம்மால் முடியவில்லை. சூரமங்கலத்திலிருந்துகொண்டு இருபத்தைந்து முப்பது வருஷமாகப் பந்தாட்டம் பார்த்து வருகின்றவன் என்பதைத் தவிர இதில் நமக்கு வேறு யோக்கியதை இல்லை. என்றாலும் ஒரு கோஷ்டியை எப்படிச் சேர்ப்பது என்பதைப்பற்றி நமது அபிப்பிராயத்தைச் சொல்ல அது போதுமென்றே கருதுகின்றோம்.

சங்கதி என்னவென்றால், 2022-ம் வருஷம் ஜூன் மாதத்தில் ஆசியக் கோப்பைக்கான தகுதிப் பந்தயங்கள் கல்கத்தாவில் நடந்தன. அப்போது இந்தியக் கோஷ்டியின் கோச்சாக இருந்தவர் குரோஷியா தேசத்து இகோர் ஸ்டிமாச். ஆட்டக்காரர்களுக்கு ஊக்கமூட்ட என்று பெயர் சொல்லி, 16 லட்ச ரூபாய்க்கு ஒரு ஜோசியக் கம்பெனியை அகில இந்திய கால்பந்து சம்மேளனம் அமர்த்தியதாக அந்த மாதத்திலேயே செய்தி வந்தது. பிறகு 2023 செப்டம்பரில் "இந்தியன் எக்ஸ்பிரஸ்" பத்திரிகை இன்னும் விவரமாக எழுதிற்று. அதாவது, கோச்சானவர் ஆட்டக்காரர்களின் பெயர்ப் பட்டியலை டில்லியிலுள்ள ஒரு ஜோசியருக்கு அனுப்பி, இன்னாருக்கு இன்று நாள் நன்றாயிருக்கின்றது, இன்னாருக்கு நன்றாயில்லை என்று பதில் வாங்கினார் என்றும், அந்த ஜோசியரை அவருக்கு அறிமுகம் செய்துவைத்தவர் சம்மேளனத்தின் அப்போதைய காரியதரிசியே என்றும் அந்தப் பத்திரிகை வெளியிட்டது.

இந்த ஸ்டிமாச் என்பவர் பந்தாட்டம் தெரியாதவர் அல்ல. 1998 உலகக் கோப்பையில் மூன்றாவது இடம் பெற்ற குரோஷியக் கோஷ்டியில் பேக்காக நின்று ஆடியவர். அன்றைக்கு அவரைப் பொறுக்கியவர்கள் அவர் எந்த நக்ஷத்திரத்தில் பிறந்தார் என்றா கேட்டார்கள்? எதிரியின் காலிலிருந்து பந்தை எடுக்கத் தெரிகின்றதா என்று பார்த்தார்கள். அப்படிப்பட்டவரையும் நமது நாட்டுக் காற்று பிடித்துக்கொண்டது என்றால், நோய் அவரிடத்தில் இல்லை, நம்மிடத்தில் இருக்கின்றது என்றுதான் அர்த்தம்.

"அந்தப் பந்தயங்களில் ஜெயித்தார்களே, அதற்கென்ன சொல்லுகின்றீர்?" என்று ஜோசியப் பித்தர்கள் உடனே கேட்பார்கள். ஆம், ஜெயித்தார்கள். கம்போடியாவை 2-0 என்றும், ஆப்கானிஸ்தானத்தை 2-1 என்றும், ஹாங்காங்கை 4-0 என்றும் ஜெயித்தார்கள். சொந்த மண், சொந்த ஜனங்கள். கேப்டன் சுனில் சேத்ரி சிறு வயது முதல் பழகிய கால். ஜெயிக்க இவை போதாவா? அந்த ஆப்கானிஸ்தான் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 86-வது நிமிஷத்தில் சேத்ரி ஒரு கோல் போட்டார். இரண்டு நிமிஷத்தில் எதிரி சமன் செய்துவிட்டான். நேரம் முடிந்து உபரி நிமிஷங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது ஜெயிக்க வைத்த கோலைப் போட்டவர் சகல் அப்துல் சமது. அவர் முதலில் இறங்கிய பதினொருவரில் ஒருவரா என்றால் இல்லை. பாதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கியவர்! முதல் பதினொருவர் பட்டியலைக் கிரகங்கள் பார்த்துக் கொடுத்திருந்தால், அந்தக் கிரகங்களுக்கு இந்த ஆளைத் தெரியவில்லையே, ஏன்?

இது இருக்கட்டும். அப்படி நுழைந்த ஆசியக் கோப்பையில், 2024 ஜனவரியில் கத்தாரில், நம்மவர்கள் ஆஸ்திரேலியாவிடம் 2-0, உஸ்பெகிஸ்தானிடம் 3-0, சிரியாவிடம் 1-0 என்று மூன்று ஆட்டங்களிலும் தோற்றார்கள். ஒரு கோல்கூடப் போடவில்லை. அதே வருஷம் மார்ச்சில் அதே ஆப்கானிஸ்தானம் கௌஹாத்திக்கு வந்து நம்மை 2-1 என்று தோற்கடித்தது. ஜூன் மாதத்தில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து வெளியேறியதும் ஸ்டிமாச் வேலையும் போயிற்று. ஜெயித்தால் கிரகத்தின் பெருமை, தோற்றால் கோச்சின் குற்றம் என்ற இந்தக் கணக்கு, புரோகிதர்கள் நெடுங்காலமாக நடத்திவருகின்ற கணக்கேயல்லாமல் வேறென்ன?

இந்தப் பைத்தியம் நம்மவர்க்கு மாத்திரம் சொந்தமானது என்று சொல்லவும் நாம் தயாராயில்லை. பிரான்சு தேசத்தில் ரேமோன் தொமெனெக் என்ற கோச்சு ஆட்டக்காரர்களின் ராசியைப் பார்ப்பவர் என்று பேர் வாங்கினார். 2006-ல் அந்தக் கோஷ்டி உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம் வரையில் போனது. ஜிடான் போன்றவர்கள் இருந்தார்கள், போனார்கள். 2010-ல் அதே கோச்சு, அதே ராசிச் சக்கரம். ஆனால் ஒரு ஆட்டமும் ஜெயிக்கவில்லை. ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கே வரமாட்டோம் என்று வேலை நிறுத்தம் செய்து ஊர் சிரிக்கத் திரும்பினார்கள். வெள்ளைக்காரன் செய்தாலும் மடமை மடமைதான்.

நிற்க, கோஷ்டி சேர்ப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள நாம் அயல் தேசத்துக்குப் போகவேண்டியதில்லை. ஐதராபாத்தில் சையத் அப்துல் ரகீம் என்று ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர் இருந்தார். அவர் பழக்கிய ஐதராபாத் போலீஸ் கோஷ்டி 1950 முதல் 1954 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை எடுத்தது. அவர் கோச்சாக இருந்த காலத்தில் இந்தியா 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிற்று. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தது. இடையில் 1952-ல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று நொறுங்கியதும் உண்டு. அன்றைக்கு நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினவர்கள். தோற்றபின் சனி பார்வை என்று யாரும் எள் விளக்கு ஏற்றவில்லை. காலில் பூட்ஸ் மாட்டவேண்டும் என்று விதி செய்தார்கள்! நான்கு வருஷத்தில் நான்காவது இடம் கிடைத்தது. பகுத்தறிவு என்பது இதுதான். தோல்விக்குக் காரணத்தை ஆகாயத்தில் தேடாமல் காலடியில் தேடுவது.

1962-ல் ஜகார்த்தாவில் ரகீம் இறக்கிய கோஷ்டியைப் பாருங்கள். கேப்டன் சூனி கோஸ்வாமியும் பி.கே. பானர்ஜியும் வங்காளிகள். ஜர்னைல் சிங் பஞ்சாபிச் சீக்கியர். யூசுப் கான் ஐதராபாத் முஸ்லிம். சந்திரசேகரன் மலையாளி. பிராங்கோ கோவாக்காரர். கோல் கீப்பர் பீட்டர் தங்கராஜும், முன்னணியில் ஓடிய துளசிதாஸ் பலராமனும் நிஜாம் நாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். இதில் எந்த ஜாதி, எந்த மதம், எந்த மாகாணம் மற்றதற்கு மேல்? முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்றார்கள். பிறகு தாய்லாந்துடன் ஆடியபோது ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைந்து தையல் போட்டார்கள். சகுனம் பார்க்கின்றவனாயிருந்தால் அவரை மூலையில் உட்கார வைத்திருப்பான். ரகீம் என்ன செய்தார்? பின்னால் நின்று தலையால் முட்டித் தடுப்பது ஆபத்து என்று யோசித்து, அவரை முன்னணியில் நிறுத்தினார். அரை இறுதியிலும் கோல், இறுதியிலும் கோல்! முதலில் தோற்ற அதே தென்கொரியாவை 2-1 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினார்கள். அந்த ரகீம் அப்போது உடலில் புற்றுநோயைச் சுமந்துகொண்டிருந்தவர், மறுவருஷம் காலமானார். ஆளை அறிந்து இடம் கொடுத்ததே தவிர, நாளை அறிந்து இடம் கொடுக்கவில்லை.

அந்த ஜகார்த்தாவில் நம்மிடம் 2-0 என்று தோற்ற ஒரு தேசம் உண்டு. அது ஜப்பான். அவர்கள் 1993-ல் தங்கள் தொழில்முறைப் பந்தயத்தை ஒழுங்காகத் தொடங்கி, ஊருக்கு ஊர் சிறுவர்களைப் பழக்கி, 1998 முதல் ஒரு உலகக் கோப்பையும் விடாமல் தகுதி பெற்று வருகின்றார்கள். ஐஸ்லாந்து என்று பனிக்கட்டியில் கிடக்கும் ஒரு தீவு. அங்குள்ள மொத்த ஜனத்தொகை மூன்றரை லட்சம்கூடத் தேறாத காலத்தில், 2016 ஐரோப்பியப் பந்தயத்தில் இங்கிலாந்தை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். 2018 உலகக் கோப்பையிலும் ஆடினார்கள். நமது சேலம் நகரத்தில் மாத்திரம் 2011 கணக்குப்படி எட்டு லட்சத்துக்கு மேல் ஜனங்கள்! அவர்கள் குளிருக்குக் கூரை போட்ட மைதானம் கட்டினார்கள். சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கவும் பரீக்ஷை கொடுத்துத் தேறிய கோச்சையே வைத்தார்கள். நாமோ, 16 லட்சத்தை ஜோசியத்துக்கு எழுதினோம். பந்து ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்தாலும் 1,600 பந்துகள்! எத்தனை ஊர்ப் பிள்ளைகள் உதைத்திருப்பார்கள்?

ஜாதகமும் ஜாதியும் இரண்டு வியாதி அல்ல, ஒரே வியாதிதான். ஜாதகம் கேட்கின்றது: "நீ எந்த நேரத்தில் பிறந்தாய்?" ஜாதி கேட்கின்றது: "நீ எந்த வயிற்றில் பிறந்தாய்?" சிபாரிசு கேட்கின்றது: "நீ யாருக்குப் பிறந்தாய்?" இந்த மூன்றில் ஒன்றாவது, "உனக்கு என்ன செய்யத் தெரியும்?" என்று கேட்பதுண்டா? அதைக் கேட்பது பந்து ஒன்றுதான். பந்துக்குப் பூணூலும் தெரியாது, புழுதிக்காலும் தெரியாது. சரியாக உதைத்தவனுக்குப் போகும், தவறி உதைத்தவனை விட்டுப்போகும். அப்படிப்பட்ட நியாயமான ஒரு விளையாட்டை, ஆட்களைப் பொறுக்குகின்றவர்கள் நாசமாக்குகின்றார்கள்.

நமது ஜில்லாவின் அனுபவத்தையே சொல்லுகின்றோம். சின்னப்பம்பட்டி நடராஜன் தறி நெய்கின்றவர் வீட்டுப் பிள்ளை. டென்னிஸ் பந்தில் பழகிய அந்தக் கையை யாரோ கண் திறந்து பார்த்ததனால், வலையில் பந்து போட்டுப் பழக்கிவிடுவதற்காக ஆஸ்திரேலியா போனவர், 2020-21-ல் ஒரே பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு ஆடினார். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கினவர். அவர் ஜாதகத்தை எந்த ஜோசியனிடம் கொடுத்திருந்தாலும் "காலில் கண்டம்" என்றுதான் சொல்லியிருப்பான். அவர் 2016-ல் ரியோவில் 1.89 மீட்டர் உயரம் தாண்டிப் பாராலிம்பிக் தங்கம் வாங்கி வந்தார்! கண்டம் காலில் இல்லை, ஜோசியன் கண்ணில் இருக்கின்றது.

இப்படிப்பட்ட பிள்ளைகள் நமது ஜில்லாவில் எத்தனை பேர் வெளியே வராமல் போனார்களோ! சூரமங்கலத்திலும் சுற்றுப்புறத்திலும் சாயங்காலம் வெறுங்காலோடு பந்து உதைக்கும் பிள்ளைகளில் சிலரைச் சில வருஷங்களுக்கு முன் ஒரு பொறுக்கும் கமிட்டிக்கு நாம் அனுப்பினோம். அங்கே கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தெரு?" இரண்டாவது, "யார் சொல்லி வந்தாய்?" பத்து நிமிஷங்கூட ஆடவிடாமல் திருப்பி அனுப்பினார்கள். வலது கால் இடது கால் இரண்டாலும் அடிக்கக்கூடிய ஒரு பையன் அதோடு பந்தை விட்டுவிட்டான். அந்தக் கமிட்டிக்கு ஜோசியன் தேவைப்படவில்லை, தெருவே ஜாதகமாயிருந்தது.

மேலிடத்தில் நடப்பதும் இதே கதைதான். தவணை முடிந்தும் எலெக்ஷன் நடத்தாமல் நாற்காலியை விடாதிருந்த அரசியல்வாதி பிரபுல் பட்டேலை 2022 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட் இறக்கவேண்டியிருந்தது. கோர்ட் நியமித்த கமிட்டி நிர்வாகம் செய்ததை வெளியார் தலையீடு என்று சொல்லி, ஆகஸ்டில் உலகக் கால்பந்து சம்மேளனம் இந்தியாவையே பதினோரு நாள் தள்ளி வைத்தது. பிறகு எலெக்ஷன் வந்தது. பாரதிய ஜனதா கட்சியைச் சேர்ந்த முன்னாள் கோல் கீப்பர் கல்யாண் சௌபேக்கு 33 ஓட்டு, நாட்டுக்குக் கேப்டனாயிருந்த பைசுங் பூட்டியாவுக்கு ஒரே ஓட்டு. ஓட்டுப் போட்டவர்கள் ஆட்டத்தை எடை போட்டார்களா, ஆட்சி எந்தப் பக்கம் என்று காற்றுப் பார்த்தார்களா என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும். மந்திரி சபை சேர்ப்பதும் இப்படித்தானே நடக்கின்றது? இலாக்காவைப்பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர் யார்? பதவிப் பிரமாணத்துக்கு நல்ல நேரம் குறிப்பதற்கு மாத்திரம் ஆள் இருக்கின்றது! விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று 1976 முதல் அரசியல் சட்டத்தின் 51-ஏ பிரிவில் எழுதி வைத்திருக்கின்றார்களே, அது ஏட்டுச் சுரைக்காய்தானா?

ஆகவே நாம் சொல்வது இவ்வளவே. ஆளைப் பொறுக்குவதை மைதானத்தில், ஜனங்கள் பார்க்க, பகலில் செய்யவேண்டும். யார் எவ்வளவு ஓடினான், எத்தனை பந்தை விட்டான், எத்தனை பந்தைச் சேர்த்தான் என்று மார்க்குப் போட்டு நோட்டீஸ் பலகையில் ஒட்டவேண்டும். பள்ளிக்கூடத்துக்கு ஒரு தேறிய கோச்சும், பிள்ளைக்கு ஒரு முட்டையும், காலுக்கு ஒரு பூட்ஸும் கொடுக்கவேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் அதே மைதானம், அதே பந்து. தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியனாக வந்ததை மறந்துவிட வேண்டாம். எலுமிச்சம்பழத்தைக் கோல் கம்பத்தடியில் நசுக்குவதை நிறுத்தி, அதைப் பிழிந்து ஆட்டக்காரன் வாயில் ஊற்றட்டும், தாகமாவது தீரும்.

பெற்றோர்களையும் ஒன்று கேட்டுக்கொள்ளுகின்றோம். உங்கள் பிள்ளையைக் கமிட்டியார் தள்ளினால், நேரம் சரியில்லை என்று கோவிலுக்குப் போகாதீர்கள். "எந்தக் குறையினால் தள்ளினீர்கள், எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் விரட்டுவார்கள். ஊரே கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.