மசால் விதையும் மாற்றுப் பயிரும்

பாலாற்றங்கரையில் வேலூர் முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரையுள்ள குடியானவர்களுக்கு நிலமும் கால்நடையும் இரண்டு கண்கள். ஆயினும் கிணற்று நீரையெல்லாம் நெல்லுக்கும் கரும்புக்கும் செலவிட்டு, மாட்டுக்கு வைக்கோலை மட்டும் போடுவோர் பலர். பசுந்தீவனம் பயிரிட விரும்புவோரும் விதைக்குப் பிறர் கையை எதிர்பார்க்கின்றனர். தோட்டக்காலில் நாலிலொரு பங்கை மூன்று வருஷம் வேலிமசால் விதைக்கென ஒதுக்கி, பின்பு அதில் தானியமிட்டு, மசாலை அடுத்த பங்குக்கு மாற்றுவதே இவ்விரு குறைகளையும் தீர்க்கும் வழியாகும். கானடா தேசத்துப் பீஸ் நதிப் பிரதேசத்திலும் புல் விதைப் பயிரையும் கோதுமை முதலிய ஒரு பருவப் பயிர்களையும் இவ்வாறே மாற்றி மாற்றிச் செய்கின்றனர்.

மூன்று வருஷம் நிலம் முடங்கிவிடுமே என்பது பலருடைய ஆட்சேபம். அது முற்றும் சரியன்று. விதைத்த 90 நாளில் முதல் அறுப்பும், பிறகு சுமார் 40 நாளுக்கொரு அறுப்பும் கிடைக்கும். ஒரு தழைவை மட்டும் அறுக்காது காய்க்க விட்டால் விதையும் கிட்டும். பருவந்தோறும் உழும் செலவும் இல்லை. ஏக்கருக்கு 8 கிலோ விதை போதும். விதையின் தோல் கடினமானதாகையால், அடுப்பினின்று இறக்கிய 80 டிகிரி சூடுள்ள நீரில் சில நிமிஷம் வைத்து, பின்பு குளிர்ந்த நீரில் இரவு முழுதும் ஊறவைத்தே விதைத்தல் வேண்டும்.

மசாலை அழித்தபின் எப்பயிரை இடுவது என்பதில்தான் கவனம் தேவை. நிலக்கடலை தன் வேர் முடிச்சுகளால் தானே தழைச்சத்தைச் சேர்ப்பதாகலின், மசால் வேரும் உதிர்ந்த இலையும் விட்டுச்செல்லும் சத்தால் அதற்கு மிகுந்த பயனில்லை. கேழ்வரகு, சோளம் போன்ற தானியங்களே அதைப் பயன்படுத்திக்கொள்ளும். அன்றியும், காய் வெடித்துச் சிந்திய விதை வருஷக்கணக்காய் மண்ணிற் கிடந்து களையாக முளைக்கும். பழுப்பேறிய காய்களை வெடிக்குமுன் பறிப்பதும், தானியத்தை வரிசையில் நட்டு இடையே களைக்கொத்து ஓட்டுவதும் இதற்குப் பரிகாரம். இதற்குச் சோம்புவோர் இம்முறையை மேற்கொள்ளாதிருத்தலே நலம்.

தோல் பதனிடுமிடங்களின் கழிவு நீர் பாய்ந்த நிலங்களின் நிலைமை வேறு. வேலூரிலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தின் முதனிலை ஆய்வின்படி சுமார் 35,000 ஹெக்டேர் ஒரு பகுதியோ முழுதுமோ சாகுபடிக்கு உதவாமற் போயின என்பது 1996-ம் வருஷத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பிற் குறிக்கப்பட்டுள்ளது. அத்தகைய நிலத்தில் மண்ணையும் கிணற்று நீரையும் சோதியாமல் மசாலை விதைப்பது விதையை வீணாக்குவதேயாகும். உப்பைத் தாங்கும் தக்கைப்பூண்டை முதலில் விதைத்து மடக்கி உழுது, மண் திருந்தியபின் மசாலைப் பற்றி எண்ணுவதே முறை.

தனியொருவர் சேர்க்கும் விதை சொற்பம். ஊரில் நாலைந்து நிலக்காரர்கள் சேர்ந்து செய்தால் ஊருக்கே போதும். கிராம அதிகாரிகள் மண் சோதனைக்கு வேண்டிய உதவி புரிந்து, கூட்டுறவுப் பால் சங்கங்களின் வாயிலாக விதையைப் பங்கிட ஏற்பாடு செய்வார்களாயின், தீவனத்துக்கு விதையில்லை என்னும் குறை ஊரில் நாளடைவில் நீங்கும்.