2147483647-க்கு ராசி கிடையாது!

"எண் ஜோதிடமும் ஒரு கணக்குதானே பாஸ்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும். பி.காம் படிக்கிறவனுக்கு எதுக்கு இந்த ரோஷம் என்று கேட்காதீர்கள். எண்களை நம்பித்தான் நம்ம பிழைப்பே ஓடப்போகிறது.

2147483647-ஐ எடுத்துக்கொள்வோம். 2-இன் 31-ஆம் அடுக்கில் 1 குறைவு. எண் ஜோதிடர் இலக்கங்களைக் கூட்டுவார்: 46. மறுபடியும் கூட்டினால் 10. இன்னொரு தடவை கூட்டினால் 1. ஆஹா, சூரியன்! ராஜயோகம்!

சரி, இதையே கம்ப்யூட்டர்காரர்கள் பயன்படுத்தும் 16 அடிமான முறையில் எழுதுங்கள். முதலில் 7, அப்புறம் 15 மதிப்புள்ள இலக்கம் ஏழு தடவை. கூட்டினால் 112, அதாவது ஏழு பதினாறு. அந்த முறையில் அதை 70 என்று எழுதுவார்கள். 7+0=7. சூரியன் கேதுவாகிவிட்டார் :-) எண் மாறவே இல்லை, எழுதிய விதம்தான் மாறியது. நமக்கு விரல் பத்து, அதனால் பத்துப் பத்தாக எண்ணுகிறோம். கிரகங்களுக்கு என்ன வந்தது?

நிஜமான குணம் எப்படி இருக்கும் தெரியுமா? 2147483647 ஒரு பகா எண். 1772-இல் ஆய்லர் இதை நிரூபித்தார். அதை வகுக்கும் பகா எண் ஏதாவது இருந்தால், 46340-க்குள் ஒன்றாவது இருந்தாக வேண்டும். அதை 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வர வேண்டும். அப்படிச் சோதிக்க வேண்டியவை 372 எண்கள்தான். ஒன்றுகூட வகுக்கவில்லை. எந்த அடிமானத்தில் எழுதினாலும் இது மாறாது. இந்த எண்ணை 2-இன் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால் 2305843008139952128. தன்னை விடச் சிறிய வகுஎண்களையெல்லாம் கூட்டினால் தானே திரும்பி வரும் நிறைவு எண் அது (6=1+2+3 மாதிரி).

இலக்கக் கூட்டுத்தொகைக்கு அர்த்தமே இல்லையா? இருக்கிறது. 9-ஆல் வகுத்தால் வரும் மீதியை அது சொல்லும். டிரையல் பேலன்ஸ் இடித்து, வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால், 54-ஐ 45 என்று மாற்றி எழுதியிருக்கலாம் என்று சந்தேகப்படுகிறோமே, அதுக்கும் அடிப்படை இதுதான். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். கல்யாணம், கடை, காண்ட்ராக்ட் எதுவும் தெரியாது.

கடைசியாக ஒன்று. 32 பிட்டில் குறியோடு சேமிக்கக்கூடிய மிகப் பெரிய முழு எண்ணும் இதுதான். பைசாக் கணக்கில் வைத்தால் 2,14,74,836 ரூபாய் 47 பைசா. அதுக்கு மேல் ஒரு பைசா சேர்ந்தால் பல சாஃப்ட்வேர்களில் கணக்கு மைனஸுக்குப் போய்விடும். போர்டில் ஒரு 'ஏ' கூட்டிப் போட்டால் சரியாகிவிடுமா?

நாளைக்கு நம்மிடம் கணக்கெழுத வரப்போகிற கடைக்காரர்தான் அந்த ஒரு எழுத்துக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுகிறார். வவுச்சர் இல்லாத செலவை ஒத்துக்கொள்ளாத நாம், நிரூபணம் இல்லாத ராசியை மட்டும் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்?