ஓடந்துறை காத்தாடியும் கரண்ட் பில்லும்

சோலார்னு பேச்செடுத்தா 'எத்தனை கிலோவாட்'னுதான் எல்லாரும் கேக்கறாங்க. எனக்கென்னவோ 'பில்லை யாரு பாக்கறா'ன்னு கேக்கத்தான் தோணுது.

மேட்டுப்பாளையம் பக்கத்துல ஓடந்துறை ஊராட்சி. கரண்ட் பில் ஏறிக்கிட்டே போகுதேன்னு கவலைப்பட்டாரு அப்போதைய தலைவர் சண்முகம். தெருவிளக்குல கொஞ்சத்தை சோலாருக்கு மாத்தினாங்க. 2003-ல மரக்கழிவுல இருந்து எரிவாயு எடுத்து தண்ணி மோட்டார் ஓட்டினாங்க. அப்புறம் 2006-ல அடிச்சாங்க பாருங்க சிக்ஸர்! 350 கிலோவாட் காற்றாலை, சுமார் 1.55 கோடி. ஊராட்சி சேத்து வெச்ச பணம் போக மிச்சத்துக்கு பேங்க் லோன். காத்தாடி நிக்கறது ஊர்லகூட இல்ல, உடுமலை பக்கம் மைவாடில. மின்வாரிய லைன்ல கரண்டைக் கொடுத்து, தன் பில்லுல கழிச்சுக்கிட்டு, மிச்சத்தை வாரியத்துக்கே வித்து கடனைக் கட்டினாங்க.

இதுல தொழில்நுட்பம் ஒண்ணும் பெரிசில்ல (இன்ஜினியர் சொல்றேன், நம்புங்க :-)). கடன் தலைமேல இருந்தா ஒவ்வொரு யூனிட்டையும் எண்ணத் தோணும். சும்மா வந்த பேனலை யாரு எண்ணுவா? பேட்டரி செத்துப்போன சோலார் கம்பத்துல கட்சிக்கொடி பறக்கறதை நீங்களும் பாத்திருப்பீங்க. வாங்க பணம் வரும்... பேட்டரி மாத்த, தூசி துடைக்க பைசா வராது.

2024-ல வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்துல குடியிருப்போர் சங்கங்களுக்கும் கிலோவாட்டுக்கு 18,000 ரூபா மானியம் அறிவிச்சாங்க. தாராளமா வாங்குங்க. ஆனா அதுக்கு முன்னாடி லிஃப்டு, மோட்டாரு, வராண்டா லைட்டுன்னு பொது மீட்டரோட ஒரு வருஷ பில்லை சங்கத்து ஆளுங்க யாராச்சும் எடுத்து வெச்சிருக்காங்களான்னு கேட்டுப் பாருங்க.