படப்பெட்டியில் தப்பான பெயர்

1973-ல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரிலுள்ள ஜார்ஜ் ஈஸ்ட்மன் ஹவுஸ் காப்பகத்தில் ஒரு பழைய படத்தின் நெகட்டிவ் கிடைத்தது. அதற்கு அங்கே இருந்த பெயர் 'தி சென்டிமென்டல் பிளாண்ட்'. ஆனால் அது பொன்னிறக் கூந்தல் அழகி எவளையும் பற்றிய படமல்ல. சிட்னி நகரத்து ரவுடி ஒருவனின் கதை. சரியான பெயர் 'தி சென்டிமென்டல் பிளோக்'. 'பிளோக்' என்றால் ஆஸ்திரேலியப் பேச்சு வழக்கில் ஆசாமி. புரியாத சொல்லை யாரோ தெரிந்த சொல்லாக மாற்றி எழுதிவிட்டார்கள் போலும்.

1919-ல் வெளியான இந்த மௌனப் படம்தான் ஆரம்பகால ஆஸ்திரேலிய சினிமாவின் சிகரம் என்று கருதப்படுகிறது. இயக்குநர் ரேமண்ட் லாங்ஃபோர்ட், கப்பல் வேலையிலிருந்து நாடக மேடைக்கும் அங்கிருந்து சினிமாவுக்கும் வந்தவர். சி.ஜே. டென்னிஸ் 1915-ல் கொச்சைப் பேச்சிலேயே எழுதிப் புகழ்பெற்ற கவிதைக் கதையைப் படமாக்கினார்.

கதை எளிமையானது. குடி, சூதாட்டம், சிறை என்று திரியும் பில், ஊறுகாய்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் டோரீனிடம் மனதைப் பறிகொடுக்கிறான். அவளுக்காகத் திருந்துகிறான். தொப்பிக்காரப் போட்டியாளன் ஒருவன் மீது பொறாமைப்படுகிறான். 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தைத் தன் தெருச் சண்டைக் கணக்கில் புரிந்துகொள்கிறான். கடைசியில் கிராமத்துப் பழத்தோட்டத்தில் மனைவி, குழந்தையோடு நிம்மதி.

சிரிப்பு வந்தது இதைச் சொன்ன விதத்தில். கதாநாயகன் ஆர்தர் டாச்சர்ட் அழகரல்ல, மேடைச் சிரிப்பு நடிகர். செட் போடுவதற்குப் பதில் சிட்னியின் வூலூமூலூ சந்துகளிலேயே பல காட்சிகளை எடுத்தார் லாங்ஃபோர்ட். யாரும் மிகையாக நடிக்கவில்லை. இடையிடையே வரும் எழுத்து அட்டைகளில் டென்னிஸின் கொச்சைக் கவிதை. உள்ளூர் ரசிகர்கள் கொண்டாடினார்கள். அமெரிக்காவுக்குப் போன பிரதியில் அந்த நாட்டுக் கொச்சைக்கு அட்டைகளை மாற்றினார்கள். படம் எடுபடவில்லை.

டோரீனாக நடித்த லோட்டி லையல் வெறும் கதாநாயகி அல்ல. திரைக்கதை முதல் படத்தொகுப்பு வரை லாங்ஃபோர்டின் பங்காளி. வாழ்க்கைத் துணையும் அவர்தான். 1925-ல் காசநோய் அவரைக் கொண்டுபோனபோது வயது 35.

அடுத்த அடி தொழிலில். வினியோகமும் தியேட்டர்களும் ஒரு பெரிய கூட்டணியின் பிடியில் இருந்தன. அதற்கு அமெரிக்கப் படங்கள் போதும். உள்ளூர்ப் படம் தேவையில்லை. 1927-ல் அரசு அமைத்த ராயல் கமிஷன் முன் லாங்ஃபோர்ட் இதைப் பகிரங்கமாகவே சாடினார். கமிஷனின் பரிந்துரைகள் பெரும்பாலும் ஏட்டோடு நின்றன. லாங்ஃபோர்டுக்கோ இயக்கும் வாய்ப்பே அற்றுப்போனது. சின்னச் சின்ன வேடங்களில் தலைகாட்டினார். பிறகு சிட்னி துறைமுகத்தில் இரவுக் காவலாளி ஆனார்.

1955-ல் சிட்னி திரைப்பட விழாவில் 'பிளோக்' மீண்டும் திரையேறியபோதுதான் இப்படி ஒரு மனிதர் இருப்பது பலருக்கும் நினைவு வந்தது. அப்போது அவருக்கு வயது 76. நான்கு ஆண்டுகளில் மறைந்தார். லோட்டியின் கல்லறையிலேயே அடக்கம் செய்தார்கள்.

1968 முதல் ஆஸ்திரேலியத் திரையுலகின் உயரிய கௌரவம் லாங்ஃபோர்டின் பெயரில் வழங்கப்படுகிறது. பின்னாளில் லையல் பெயரும் அதில் சேர்ந்தது. ரோசெஸ்டர் நெகட்டிவின் உதவியால் படமும் புதுப்பிக்கப்பட்டு 2004-ல் திரையிடப்பட்டது. ஆனால் அவர் எடுத்த படங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. ஊரார் சரக்குக்கு இரவெல்லாம் காவல் இருந்தவரின் படப்பெட்டிகளுக்குக் காவல் இருக்க ஆள் இல்லாமல் போய்விட்டது.